நன்றியும் உரிமையும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் பணிபுரியும் இளைஞர்கள் நால்வர், சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பின் நம்மைத் தேடி வந்தனர். ஒருவர் இரும்பு உருட்டாலையில் மேற்பார்வையாளர், இருவர் மோட்டார் வாகன உதிரி பாகத் தொழிற்சாலையில் முறைவேலை பார்ப்பவர்கள், மற்றொருவர் கணக்கர். பழவேற்காடு, பொன்னேரி, திருவள்ளூர் என மூன்று ஊர்களைச் சேர்ந்தவர்கள். ஆலை உணவகத்தில் தொடங்கிய பழக்கம் நூல்களைக் கைமாற்றிப் படிக்கும் நட்பாக வளர்ந்து, இப்போது சொந்தமாக ஓர் இணைய இதழ் நடத்தும் எண்ணமாக முதிர்ந்திருக்கின்றது.

காகிதச் செலவில்லை, அச்சுக்கூலியில்லை, அஞ்சல் தலையும் வேண்டுவதில்லை. நாம் இளமையில் இதழ் நடத்த முற்பட்டபோது காகித வியாபாரியின் கடைத் திண்ணையில் கால்கடுக்க நின்ற நாட்களை எண்ணி, சிறிது பொறாமையோடுதான் அவர்கள் கூறியதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். முதல் இதழுக்கான பக்கங்களைத் தொகுத்து வந்திருந்தனர். பழவேற்காட்டு இளைஞரின் பாட்டனார் அரபுத்தமிழில் எழுதி வைத்த முனாஜாத்துப் பாடல்கள் சில. பழவேற்காட்டின் ஒல்லாந்தர் காலத்தைப் பற்றி 1978-இல் ஒரு திங்களிதழில் வெளிவந்த கட்டுரை. சீறாப்புராணத்தில் ஒரு படலம், உரையுடன். ஏரியில் படகுகள் நிற்கும் அழகிய புகைப்படம் ஒன்று. நான்கின் அடியிலும் ‘நன்றி’ என்று அச்சிட்டு, எடுத்த இடத்தைக் குறித்திருந்தனர்.

“நன்றி போட்டுவிட்டோம், ஐயா. இது போதும்தானே?” என்று கேட்டார் அவர்களுள் மூத்தவர்.

எளிய கேள்விதான். ஆயினும் உடனே விடை கூற நமக்கு நா எழவில்லை. அதற்கான காரணத்தைப் பின்னர்க் கூறுவோம். முதலில் அந்த இளைஞர்களிடம் அன்று பிற்பகல் முழுவதும் நாம் பேசிய வரலாற்றை ஓரளவு ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகின்றோம். இதழ் நடத்துவோருக்கு மட்டுமன்றி, வீட்டு அலமாரியில் பாட்டனாரின் கையேடு ஒன்றை வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்தாருக்கும் இதில் செய்தி உண்டு.

ஒரு நூலின் மீது அதை எழுதியவருக்கு உரிமை உண்டு என்பதைச் சட்டமாக முதலில் வகுத்தது இங்கிலாந்து. ஆன் அரசியின் காலத்தில், 1710-இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டம் புதிய நூலுக்குப் பதினான்கு ஆண்டு உரிமை அளித்தது. ஆசிரியர் உயிரோடிருந்தால் மேலும் பதினான்கு ஆண்டுகள். நம் நாட்டிற்கு இவ்வுரிமை கிழக்கிந்தியக் கம்பெனியின் 1847-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக வந்து சேர்ந்தது. இந்தியர் தடையின்றி அச்சுக்கூடம் வைத்துக்கொள்ளலாம் என்ற நிலை 1835-இல்தான் ஏற்பட்டிருந்தது. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தைக் காயல்பட்டினத்துப் புலவர் நாயகம் செய்கு அப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம் அவர்கள் ஏடுகளை ஒப்புநோக்கி 1842-இல் அச்சேற்றியபோது, பதிப்புரிமைச் சட்டம் என்று ஒன்று இந்நாட்டில் இல்லை என்பதை நினைத்துப் பார்க்கலாம். அப்பெருந்தகை தேடியது உரிமையை அன்று. ஏட்டையும் பிழையற்ற பாடத்தையுமே.

பின்னர் 1914-இல் ஒரு சட்டமும், விடுதலைக்குப் பின் 1957-இல் இன்றுள்ள சட்டமும் வந்தன. 1957-ஆம் ஆண்டுச் சட்டம் 1958 ஜனவரி 21 முதல் நடைமுறையில் இருந்து வருகின்றது. ஆசிரியரின் ஆயுட்காலமும் அவர் மறைவுக்குப் பின் ஐம்பது ஆண்டுகளும் உரிமை நீடிக்கும் என்றிருந்தது. 1992-இல் ஐம்பது அறுபதாயிற்று. 1941-இல் மறைந்த தாகூரின் நூல்கள் மீது விசுவபாரதி கொண்டிருந்த உரிமை முடிவுற்ற தறுவாயில் அந்த மாற்றம் வந்தது. ஆசிரியர் மறைந்த ஆண்டிற்கு அடுத்த ஆண்டின் முதல் நாளிலிருந்து அறுபது ஆண்டுகளை எண்ண வேண்டும். சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் 1950-இல் மறைந்தார். ஆதலின் அவர் வாழ்நாளில் வெளியிட்ட நூல்களுக்கான காலம் 2010 டிசம்பர் 31-உடன் முடிந்தது.

இந்த உரிமை எழுதிய கணத்திலேயே பிறந்துவிடுகின்றது என்பதைப் பலர் அறியார். எந்த அலுவலகத்திலும் பதிவு செய்ய வேண்டிய கட்டாயமில்லை. ‘உரிமை பதிவு செய்யப்பட்டது’ என்ற வரி நூலில் இல்லாதிருப்பதால் அது ஊர்ப் பொதுவாகிவிடாது. இதழின் பெயரைப் பதிவு செய்துகொள்வதும் இதுவும் ஒன்றெனக் கருதி மயங்குவோரும் உளர். அது வேறு சட்டம். பெயருக்கும் வெளியீட்டாளரின் பொறுப்புக்கும் உரியது.

இவ்விடத்தில் இளைஞர்களுள் ஒருவர் குறுக்கிட்டு, “கல்வியைப் பிறருக்குக் கொடுக்காமல் பூட்டி வைப்பது நம் மார்க்கத்திற்கு ஒத்ததா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. இதே காரணத்தைக் கூறிப் பதிப்புரிமையை ஏற்க மறுத்த ஆலிம் பெருமக்கள் சென்ற நூற்றாண்டில் இருந்திருக்கின்றனர். பொருள் என்பது கையால் தொட்டு எடுக்கத் தக்கதாய் இருக்க வேண்டும், வெறும் உரிமையை விற்பது எங்ஙனம் என்பது அவர்களுடைய வாதம். அதற்கு மறுமொழி கூறியோரும் இருந்தனர். நெடிய ஆய்வுக்குப் பின், இஸ்லாமிய நாடுகளின் அமைப்பைச் சார்ந்த பன்னாட்டு ஃபிக்ஹு அகாடமி 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய தன் ஐந்தாம் அமர்வில், நூலாக்கம், கண்டுபிடிப்பு முதலியவற்றின் உரிமைகள் ஷரீஅத் ஏற்கும் உரிமைகளே, அவற்றை மீறுதல் ஆகாது என்று தீர்மானித்தது.

ஆனால் நம் மரபிலே இதனினும் பழமையான ஒன்று உண்டு. ‘இன்னார் இன்னாரிடமிருந்து கேட்டார்’ என்று சங்கிலித் தொடராகக் கூறும் இஸ்நாதை நாம் அனைவரும் அறிவோம். அதனோடு இஜாஸத் என்பதும் இருந்தது. ஓர் ஆசிரியரின் நூலைப் பிறருக்கு ஓதிக்காட்டவும் எடுத்துரைக்கவும், அவரிடமிருந்தோ அவரிடம் அனுமதி பெற்றவரிடமிருந்தோ எழுத்து மூலம் இசைவு பெறும் முறை அது. இது விற்பனைச் சரக்காக இருந்ததில்லை. இன்றைய பதிப்புரிமையோடு முற்றிலும் பொருந்துவதுமில்லை. ஆயினும் ஒரு வேற்றுமையை நம் முன்னோர் தெளிவாகக் கண்டிருந்தனர். எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்வது ஒன்று. எடுப்பதற்கு இசைவு பெறுவது மற்றொன்று. இதழ்களின் அடியில் நாம் இடும் ‘நன்றி’ முதலாவதைச் சேர்ந்தது. அது இரண்டாவதன் இடத்தை நிரப்பாது. நாட்டின் சட்டம் கூறுவதும் இதுவே.

இவ்வேற்றுமையைத் தமிழ்நாடு பட்டுணர்ந்த கதை ஒன்றுண்டு. மகாகவி பாரதியாரின் பாடல்களைப் பற்றியது அது. ஆ. இரா. வேங்கடாசலபதி அவர்கள் ‘பாரதி: கவிஞனும் காப்புரிமையும்’ என்ற நூலில் இதனை விரித்து எழுதியிருக்கிறார், அன்பர்கள் தேடிப் படிக்கத் தக்கது.

1921 செப்டம்பரில் பாரதியார் மறைந்தபோது அவர் குடும்பத்திற்கு விட்டுச் சென்ற சொத்து அவருடைய எழுத்து மட்டுமே. தம் நூல்களையெல்லாம் நாற்பது தொகுதிகளாக அச்சிட்டு, ஒவ்வொன்றிலும் பதினாயிரம் படிகள் வெளியிட வேண்டுமென்று 1920-இல் அவர் திட்டம் வகுத்து, கடன் கேட்டு வேண்டுகோள் விடுத்தார். கேட்ட பணம் வரவில்லை. அவருக்குப் பின் மனைவி செல்லம்மா, தம் சகோதரரின் துணையோடு ‘பாரதி ஆசிரமம்’ என்ற பெயரில் 1922-இல் நூல்களை வெளியிட்டுப் பார்த்தார். கணவரை இழந்த பெண் ஒருவர் அக்காலத்தில் பதிப்புத் தொழிலில் இறங்குவது எத்தகைய துணிவு! ஆனால் அது நிலைக்கவில்லை. பாரதியின் தம்பி சி. விசுவநாதனும் வேறு சிலரும் நடத்திய பாரதி பிரசுராலயம் நூல்களை வெளியிடும் பொறுப்பை ஏற்றது. நாளடைவில் உரிமையும் விசுவநாதனிடம் சென்று சேர்ந்தது. 1928-இல் சென்னை அரசாங்கம் நூல்களைப் பறிமுதல் செய்ததும், சட்டசபையில் சத்தியமூர்த்தி அதை எதிர்த்து முழங்கியதும் தனிக்கதை.

நாம் கவனிக்க வேண்டியது, ஒரே பாடலின் உரிமை எத்தனை கூறாகப் பிரிந்தது என்பதையே. நூலாக அச்சிடும் உரிமை ஒருவரிடம். அதே பாடலை இசைத்தட்டில் பதியும் உரிமை, ஒலிப்பதிவுத் தொழிலில் இருந்த ஒரு வணிகருக்கு விற்கப்பட்டது. அவரிடமிருந்து அதனை ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் விலைக்கு வாங்கினார். 1947-இல் அவர் எடுத்த ‘நாம் இருவர்’ படத்தில் பாரதி பாடல்கள் ஒலித்தன. நாடே அவற்றைப் பாடியது. அடுத்த ஆண்டு டி. கே. எஸ். சகோதரர்களின் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதியின் பாடல் இடம்பெற்றபோது, செட்டியார் தரப்பிலிருந்து தடை எழுந்தது. பாரதியைப் பாட ஒருவரிடம் அனுமதி கேட்பதா என்று எழுத்தாளர் உலகம் கொதித்தது.

இங்கே நடுநிலையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். செட்டியார் எவரையும் ஏமாற்றவில்லை. பணம் கொடுத்தார், பத்திரம் பெற்றார், சட்டம் அவர் பக்கம் இருந்தது. குற்றம் இருந்ததென்றால், வறுமையில் ஒரு குடும்பம் எழுதிக் கொடுத்த காகிதத்தின் விலைக்கும் அந்தப் பாடல்கள் பின்னால் பெற்ற மதிப்புக்கும் இடையே இருந்த தூரத்தில்தான் இருந்தது.

எழுத்தாளர்கள் பாரதி விடுதலைக் கழகம் அமைத்தனர். நாரண துரைக்கண்ணன், டி. கே. சண்முகம், திருலோக சீதாராம் ஆகியோர் திருநெல்வேலிக்குச் சென்று செல்லம்மாவைக் கண்டு அவருடைய இசைவைப் பெற்று வந்தனர். கூட்டம் போட்டு முழங்கியதோடு நில்லாமல், இசைவு பெற வேண்டிய இடம் அந்த வீடுதான் என்று அவர்களுக்குத் தோன்றியது நம் நெஞ்சைத் தொடும் செய்தி. முதலமைச்சர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்தில், 1949 மார்ச்சில், பாரதியின் நூல்களை அரசு ஏற்றுக்கொள்ளும் என்று கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார் அறிவித்தார். மெய்யப்பச் செட்டியார் தமக்கு ஈடு எதுவும் வேண்டாமென்று உரிமையை விட்டுக் கொடுத்தார். செல்லம்மாவுக்கும் இரு மகள்களுக்கும் தலைக்கு 5,000 ரூபாய் வழங்கப்பட்டது. பின்னர் எவரும் அச்சிடலாம் என்று நூல்கள் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. இது நிகழாதிருந்தால் 1971 இறுதி வரை அவ்வுரிமை தனியாரிடமே இருந்திருக்கும். அன்று தொடங்கிய வழக்கம்தான் இன்று ‘நாட்டுடைமை’ என்ற பெயரில் தமிழ்நாட்டில் தொடர்கின்றது. வாரிசுகளுக்கு அரசு தொகை அளிக்கின்றது. நூல் அனைவருக்கும் பொதுவாகின்றது.

இனி, நமக்கு நா எழாத காரணத்திற்கு வருவோம்.

பல ஆண்டுகளுக்கு முன் நாம் ஒரு சிற்றிதழின் பொறுப்பில் இருந்தோம். ரமலான் மலருக்குப் பக்கங்கள் குறைந்தபோது, நண்பரொருவர் கொடுத்த பழைய சிறு நூலிலிருந்து ஒரு முனாஜாத்தை எடுத்து வெளியிட்டோம். மேலட்டை கிழிந்து போயிருந்ததால் புலவர் பெயர் தெரியவில்லை. தேடவும் இல்லை. ‘பழைய நூலொன்றிலிருந்து, நன்றியுடன்’ என்று போட்டு மலரை முடித்தோம். பாடல் நன்றாக இருந்தது. வாசகர் கடிதங்கள் வந்தன. செல்வர் ஒருவர் தம் தாயாரின் ஈஸால் தவாபுக்காக, நம் பக்கத்தைப் பார்த்தே இரண்டாயிரம் படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். நமக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு மாதம் சென்றபின் பொன்னேரிப் பக்கத்து ஊரிலிருந்து நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர், பள்ளிக்கூடம் போகும் மகனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அலுவலகம் வந்தார். அவர் அந்தப் புலவரின் மகள். தந்தையார் காலமாகிப் பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. அவர் தம் செலவில் அச்சிட்ட நூலின் படிகள் தகரப் பெட்டியொன்றில் மீதமிருக்க, கந்தூரி நாட்களிலும் மீலாது விழாக்களிலும் அவற்றை விற்று வந்த சிறு தொகை அக்குடும்பத்திற்கு உதவியாக இருந்திருக்கின்றது. இலவசமாகக் கிடைப்பதை விலை கொடுத்து யார் வாங்குவர்? அந்த ஆண்டு ஒரு படியும் விற்கவில்லை.

அவர் நம்மிடம் பணம் கேட்கவில்லை. கோபமும் காட்டவில்லை. “வாப்பா பெயரையாவது போட்டிருக்கலாமே” என்று மட்டும் கூறினார். பெட்டியிலிருந்து எடுத்து வந்த படி ஒன்றை மேசைமேல் வைத்தார். அதில் மேலட்டை கிழியாமல் இருந்தது.

அடுத்த இதழில் புலவரின் பெயரோடு வருத்தம் தெரிவித்தோம்; நூல் கிடைக்கும் முகவரியையும் வெளியிட்டோம்; நம்மால் இயன்ற தொகையையும் கொடுத்தோம். இரண்டாயிரம் படிகளை மீட்க வழியில்லை. அன்றிலிருந்து ‘நன்றி’ என்ற சொல்லை அச்சில் காணும்போதெல்லாம் அந்தத் தகரப் பெட்டி நம் நினைவுக்கு வருகின்றது.

சட்டத்தின் கண்ணில் அந்தப் பெண்மணி இரங்கத்தக்கவர் அல்லர், உரிமையாளர். இதைத்தான் நம் குடும்பங்கள் இன்னும் உணரவில்லை என்று கருதுகின்றோம். பதிப்புரிமை அசையும் சொத்து. ஒரு முஸ்லிம் இறந்தால் அவருடைய ஏனைய சொத்துகளைப் போலவே இதுவும் ஷரீஅத் முறைப்படி வாரிசுகளைச் சேர்கின்றது. பிள்ளைகள் இருப்பின் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. எஞ்சியதில் மகனுக்கு இரு பங்கெனில் மகளுக்கு ஒரு பங்கு. தோப்பையும் வீட்டையும் கடையையும் பாகம் பிரிக்கும்போது முழக்கோலோடு நிற்கின்றோம். வாப்பா எழுதிய நூலை எவரும் கணக்கில் எடுப்பதில்லை. அதைத் தம் வீட்டில் வைத்திருக்கும் மூத்த மகனே அதன் உரிமையாளர் என்று ஊரும் நினைக்கின்றது, அவரும் நினைக்கின்றார். மணமுடித்து வேற்றூர் சென்ற மகள்களின் பங்கு அங்கேயே மறைந்துவிடுகின்றது. காகிதம் யாரிடம் இருக்கின்றது என்பது வேறு. அதிலுள்ள சொல்லின் உரிமை யாருடையது என்பது வேறு. உயில் மூலம் கையெழுத்துப் படியை ஒருவருக்கு எழுதி வைத்திருந்தால், அச்சேறாத அந்நூலின் உரிமையும் அவரைச் சேரும் என்று சட்டம் கூறுகின்றது. அதுவன்றி வெறுமனே பெட்டிச் சாவியை வைத்திருப்பதால் எவரும் உரிமையாளராகிவிடார்.

திருவள்ளூர் மாவட்டத்து இளைஞர்களிடம் பேசிக்கொண்டிருந்ததால், அம்மாவட்டத்தோடு தொடர்புடைய வழக்கொன்றும் நினைவுக்கு வந்தது. இன்று அம்மாவட்டத்தைச் சேர்ந்த திருத்தணி, 1960-இல்தான் எல்லைத் திருத்தத்தின் வழியாக ஆந்திரத்திலிருந்து நம் மாநிலத்தோடு இணைந்தது. அங்கே 1888-இல் பிறந்தவர், பின்னாளில் குடியரசுத் தலைவரான டாக்டர் ராதாகிருஷ்ணன். அவருடைய இந்தியத் தத்துவ நூலின் இரண்டாம் தொகுதி 1927-இல் வெளிவந்தது. ஜதுநாத் சின்ஹா என்ற பேராசிரியர், தம் ஆய்வேட்டின் பகுதிகள் அதில் எடுத்தாளப்பட்டுள்ளன என்று 1929-இல் கல்கத்தாவின் ‘மாடர்ன் ரெவ்யூ’ இதழில் கடிதங்கள் எழுதினார். உயர்நீதிமன்றத்தில் 20,000 ரூபாய் ஈடு கேட்டு வழக்கும் தொடுத்தார். ராதாகிருஷ்ணன் அதனை மறுத்து, தம் பெயருக்கு இழுக்கு நேர்ந்ததென்று ஒரு லட்சம் ரூபாய் கேட்டு எதிர் வழக்கிட்டார். அவ்வழக்கில் சின்ஹா மட்டுமல்ல, கடிதங்களை வெளியிட்ட இதழாசிரியர் ராமானந்த சட்டர்ஜியும் பிரதிவாதியானார். 1933-இல் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. நீதிமன்றம் தீர்ப்பு எதுவும் வழங்காத நிலையில், யார் பக்கம் உண்மை என்று நாம் கூற முற்படுவது தகாது. இதழ் நடத்த விரும்புவோர் ராமானந்த சட்டர்ஜியை மட்டும் கவனித்தால் போதும். எழுதியவர் வேறொருவர் என்பதால் வெளியிட்டவர் தப்பிவிட முடியாது.

சென்னை உயர்நீதிமன்றத்தில் கோபாலகிருஷ்ணக் கோன் என்ற பதிப்பாளரின் ஆங்கிலத் தமிழ் அகராதி பற்றிய வழக்கொன்று 1955-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் திரட்டில் காணப்படுகின்றது. அகராதியிலுள்ள சொற்கள் எல்லாருக்கும் பொதுவாயிற்றே, அதில் உரிமை ஏது என்று கேட்கத் தோன்றும். தொகுத்தவரின் உழைப்பும் தேர்வும் சிறிதளவே ஆயினும் காக்கப்பட வேண்டியவை என்று நீதிமன்றம் கூறிற்று. சீறாப்புராணம் பொதுச் சொத்து. அதன் உரை அப்படியன்று என்பதை இளைஞர்களுக்கு விளக்க இவ்வழக்கே நமக்குப் பயன்பட்டது.

“அச்சிட்டால்தானே இவையெல்லாம்? நாங்கள் இணையத்தில் அல்லவா வெளியிடுகின்றோம்?” என்றும் கேட்டனர். இணையத்தில் கிடப்பதெல்லாம் தெருவில் கிடப்பது என்ற எண்ணம் பரவலாக இருக்கின்றது. உண்மையில் ஊடகம் மாறும்போது இசைவு இன்னொரு முறை தேவைப்படுகின்றது. அமெரிக்க உச்சநீதிமன்றத்தில் ‘நியூயார்க் டைம்ஸ்’ நிறுவனத்திற்கும் டாசினி முதலான கட்டுரையாளர்களுக்கும் நடந்த வழக்கில் 2001 ஜூனில் தீர்ப்பு வந்தது. சம்பளம் பெறாது தனியே எழுதிய அவர்களுடைய கட்டுரைகளை, நாளிதழில் வெளியிட்ட உரிமையைக் கொண்டு மின்னணுத் தொகுப்புகளிலும் பதிப்பாளர்கள் சேர்த்திருந்தனர். அது செல்லாது என்றது தீர்ப்பு. எழுத்தாளர் காகிதத்திற்குக் கொடுத்த இசைவு கணினிக்குக் கொடுத்த இசைவாகாது என்பதே அதன் சாரம்.

நம் நாட்டுச் சட்டத்தில் இதழாளர்கள் மனத்தில் கொள்ள வேண்டிய சில நுணுக்கங்கள் உள்ளன. உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். எத்தனை ஆண்டுகளுக்கு என்று அதில் குறிக்காவிடில் ஐந்தாண்டு என்று கொள்ளப்படும். எந்த நாட்டிற்கு என்று குறிக்காவிடில் இந்தியாவிற்கு மட்டுமே செல்லும். சிங்கப்பூரிலும் கொழும்பிலும் வளைகுடா நாடுகளிலும் படிக்கப் போகும் இதழுக்கு இது சிறிய செய்தியன்று. மதிப்புரைக்கும் விமரிசனத்திற்கும் அளவாக மேற்கோள் எடுக்கலாம். அதற்கு அனுமதி வேண்டுவதில்லை. மற்றொன்று நம்மில் பலர் அறியாதது. நடப்புப் பொருளாதார, அரசியல், சமூக, சமய விஷயங்களைப் பற்றிய கட்டுரையை, ஆசிரியர் அவ்வுரிமையைத் தமக்கென்று வெளிப்படையாக ஒதுக்கி வைத்திருந்தாலன்றி, வேறோர் இதழ் மறுவெளியீடு செய்யலாம் என்று 52-ஆம் பிரிவு இடமளிக்கின்றது. நம் சமுதாய இதழ்கள் ஒன்றிலிருந்து ஒன்று தலையங்கம் எடுத்துப் போட்டு வந்த பழைய வழக்கத்திற்கு இப்படி ஒரு நிழல் இருக்கின்றது. ஆனால் அது நடப்பு விஷயத்திற்கு மட்டுமே. ஒல்லாந்தர் காலம் நடப்பு விஷயமாகாது என்று கூறியபோது இளைஞர்கள் சிரித்துவிட்டனர்.

அவர்கள் ஏட்டைத் திரும்ப எடுத்துச் சென்றனர். நடந்தவற்றை அவ்வப்போது தெரிவித்தும் வந்தனர்.

புகைப்படம் எளிதில் தீர்ந்தது. உருட்டாலை இளைஞர் ஒருநாள் வைகறையில் பழவேற்காட்டு ஏரிக்கரைக்குச் சென்று தாமே படம் எடுத்து வந்துவிட்டார். இணையத்தில் கண்டதைக் காட்டிலும் இது நன்றாக இருப்பதாகத்தான் நமக்குத் தோன்றுகின்றது. சீறாப்புராணப் படலத்தில் மூலத்தை வைத்துக்கொண்டு உரையை நீக்கினர். அருஞ்சொற்களுக்குத் தாங்களே பொருள் எழுதினர். அதில் இரண்டு பிழைகளை நாம் திருத்திக் கொடுத்தோம்.

1978-ஆம் ஆண்டுக் கட்டுரையை எழுதியவரைத் தேடியபோது ஒரு வியப்பு காத்திருந்தது. அவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். திருவள்ளூரில், கணக்கர் இளைஞரின் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி வசிக்கின்றார். தம் கட்டுரை ஒருவருக்கேனும் நினைவிருக்கின்றதே என்று அம்முதியவர் கண்கலங்கினாராம். இசைவுக் கடிதத்தில் கையொப்பமிட்டதோடு, அக்காலத்தில் தாம் அறியாமல் எழுதிய ஒரு பத்தியைத் திருத்தியும் கொடுத்திருக்கின்றார். ‘நன்றி’ என்று மட்டும் போட்டு வெளியிட்டிருந்தால் அந்தத் தவறான பத்தியும் சேர்ந்து உலகெங்கும் போயிருக்கும்.

முனாஜாத்துகள்தான் இன்னும் முடியவில்லை. பாட்டனார் காலமானது 1974-இல். வாழ்நாளில் அச்சேறிய நூலாயிருந்தால் உரிமை 2034 இறுதியோடு முடியும். ஆனால் அவை அச்சேறவே இல்லை. ஆசிரியர் மறையும்வரை வெளிவராத நூலுக்கு, அது முதன்முதல் வெளிவரும் ஆண்டிற்கு அடுத்த ஆண்டிலிருந்தே அறுபது ஆண்டு எண்ணப்படும். அரபுத்தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாக மாற்றியதால் ஆசிரியர் மாறுவதுமில்லை. ஆகவே பாட்டனாரின் இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள் ஆகிய நான்கு கிளையினரிடமும் இசைவு பெற வேண்டியதாயிற்று. மகன்கள் வழியினர் உடனே கையொப்பமிட்டனர். மலேசியாவில் கிள்ளானில் வாழும் மூத்த மகள் வீட்டாருக்குக் கடிதம் போயிருக்கின்றது. இளைய மகள் பழவேற்காட்டிலேயே இருக்கின்றார். எண்பது வயதைக் கடந்தவர். கையேட்டை அவர் முன் வைத்து, இளைஞர் ஒவ்வொரு பாடலாகப் படித்துக் காட்டியிருக்கின்றார். பதினோராவது பாடல் வந்ததும் மூதாட்டி கையை உயர்த்தி நிறுத்தினாராம்.

“இது வாப்பா பாட்டில்லை. இதுவும், இதற்கு அடுத்த இரண்டும் எங்க உம்மா கட்டினது. உம்மாவுக்கு எழுத வராது. உம்மா சொல்ல, வாப்பா எழுதினாங்க” என்று கூறி, நான்காவதாக ஒரு பாடலையும், கையேட்டில் இல்லாததை, மனத்திலிருந்து பாடிக் காட்டியிருக்கின்றார்.

முதல் இதழ் அப்பாடல்கள் இல்லாமலே வெளிவந்துவிட்டது. கிள்ளானிலிருந்து கடிதம் வந்தபின், தலைப்பில் இருவர் பெயரையும் இட்டு இரண்டாம் இதழில் வெளியிட எண்ணியிருக்கின்றனர்.